குப்பை என்று எழுதிய தாள்

போன மாதம் இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்டில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். அகழாய்வுத் தொழில்நுட்பத்துக்கு அவுஸ்பில்டுங்கில், அதாவது தொழிற்பயிற்சியில், சேர்ந்திருக்கிறாளாம். அவளோடு எங்கள் ஆட்களின் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்களாம். "அங்கிள், ரோமன் ஆக்களின்ரை கோயில், சதுக்கம் எண்டு இருபது வருசத்துக்கு மேலை கிண்டினனீங்கள். எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்றாள். என்னத்தை எழுத என்று கேட்டேன். "நீங்கள் விட்ட பிழையளை எழுதுங்கோ" என்றாள். விவரமான பிள்ளை. ஆனால் எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் மூவரும் ஓய்வு பெறும்வரை வாசிக்க வேண்டி வரும். ஆகவே ஒன்றே ஒன்று.

மண்ணை எப்படிச் சுரண்டுவது, எப்படி வரைவது, எப்படிப் படமெடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். எனக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. அகதியாக வந்து உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனை வேலைவாய்ப்பு அலுவலகம் மூன்று கிழமைக்கு மண் அள்ள அனுப்பியது. நாலாம் நாள் ஒரு கூரை ஓடு வந்தது. அதில் நாயின் கால் தடம். ஓட்டைச் செய்து காயப்போட்டிருந்த நேரத்தில் நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. காயப்போட்டவன் அந்த நாயை என்ன சொல்லி ஏசியிருப்பான், எந்தப் பாசையில் ஏசியிருப்பான் என்று அன்று முழுக்க யோசித்தேன். மூன்று கிழமை முடிந்ததும், இன்னும் ஆள் வேண்டுமா என்று நானே போய்க் கேட்டேன். இந்த வேலைக்கு அந்தக் கேள்விக் குணம் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று கனகாலம் நம்பியிருந்தேன். போதாது என்று தெரிந்த கதைதான் இது.

ரைன் நதிக்கரையில் ஒரு நகரம். பெயர் வேண்டாம். அதன் நடுவில் உள்ள சதுக்கத்தின் கீழே கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்று எங்களை முன்கூட்டியே தோண்ட விட்டிருந்தார்கள். தோண்டிய இடத்தில் ஒரு பெரிய அத்திவாரம் வந்தது. கல்யாண மண்டபம் ஒன்றைத் தூக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிது. மேலே இருந்த சுவர், தூண், படி எல்லாவற்றையும் பிற்காலத்து மக்கள் பெயர்த்துக்கொண்டு போய் வேறெங்கோ கட்டிவிட்டார்கள். மிஞ்சியது அத்திவாரம் மட்டும்.

கேள்வி இதுதான்: இது ரோமானியரின் களஞ்சியமா, அல்லது ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நின்ற பெரிய கோயிலா? களஞ்சியம் என்றால் அளந்து, வரைந்து, படமெடுத்துவிட்டு, அடுத்த கிழமை மண் தோண்டும் பாகர் இயந்திரம் வந்து உடைக்கும். கோயில் என்றால் சட்டப்படி அது நிற்க வேண்டும், கார்கள்தான் விலக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நினைவுச்சின்னப் பாதுகாப்பு அதிகாரியோடு டெர்மின், சந்திப்பு. அதற்குள் கோயில் என்று காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. ரோமானியர் கோயிலுக்குள்ளே போய்க் கும்பிடவில்லை. உள்ளே சிலை இருக்கும். சனம் முழுக்க வெளியே சதுக்கத்தில் நிற்கும். வாசலுக்கு முன்னால், திறந்த வானத்தின் கீழே ஒரு பலிபீடம். நெருப்பும் படையலும் அங்கேதான். பலிபீடம் நின்ற தடயம் கிடைத்தால் கோயில். இல்லாவிட்டால் களஞ்சியம். இதை எங்கள் அகழாய்வுத் தலைவி திங்கட்கிழமைக் கோப்பி நேரத்தில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். என்னைவிட எட்டு வயது இளையவர், குறைவாகக் கதைப்பவர். நான் தலையாட்டினேன். எனக்கு அது முன்பே தெரியும். அங்கே ஆடும் பன்றியும் கோழியும் பலியிட்டார்கள் என்பதையும் வாசித்திருந்தேன். ஆகவே இதைத் தெரியாமல் விட்ட பிழை என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக நான் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை செய்தேன். அந்த ஆண்டுதான் ஒரு நிரந்தர இடம் வந்தது. தலைவி எனக்காக அன்ட்ராக், விண்ணப்பம், எழுதி அனுப்பியிருந்தார். மாத முடிவில் பதில் வரும். பான் நகரத்தில் எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கதைக்காத நாள் இல்லை.

செவ்வாய்க்கிழமை அத்திவாரத்தின் கிழக்குப் பக்கத்தில், கோயிலென்றால் வாசல் இருக்க வேண்டிய பக்கத்தில், என் பகுதியில், சாம்பல் வந்தது. கறுத்த மண். அதற்குள் வெள்ளையும் நீலமுமாக எரிந்த சின்னச் சின்ன எலும்புகள். எனக்குள் அந்த நேரம் ஓடியதை அப்படியே சொல்கிறேன்: சீ, எவனோ கோயில் வாசலில் எலும்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். அவ்வளவுதான். கோயில் அழிந்த பிறகு வந்தவர்கள் அடுப்புக் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று அரை நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டேன். பதிவுத்தாளில் "பிற்காலக் குப்பை" என்று எழுதினேன். பலிபீடம் இதற்குக் கீழே இருக்கும், சீக்கிரம் இறங்க வேண்டும் என்ற அவசரம் வேறு. பாகர்க்காரரைக் கூப்பிட்டு வழித்தெடுக்கச் சொன்னேன். இரண்டு லொறி மண் அன்றே போய்விட்டது. மிச்சம் மண்மேட்டில் கிடந்தது. தலைவி அன்று முழுக்க அலுவலகத்தில் கூட்டம். மாலையில் வந்து, என்னை நம்பி, குழிக்குள் இறங்காமலே தாளின் கீழே கையெழுத்துப் போட்டார்.

கீழே ஒன்றும் இருக்கவில்லை. வெறும் வண்டல்.

புதன்கிழமை மதியம் நஸ்ரீன் மண்மேட்டின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் நில அளவையாளர். திண்டுக்கல்காரி, இங்கே கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துவிட்டு வந்தவள். அந்த இடத்தில் தமிழ் கதைக்க எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவள் காலடியில் கிடந்த எலும்பு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினாள்.

"அண்ணா, இது என்ன மண்ணு?"

"குப்பை" என்றேன்.

"குப்பை மாதிரி தெரியலையே. எங்க அத்தா கறிக்கடை வச்சிருந்தாரு, தெரியும்ல? லீவு நாள்ல எல்லாம் நான்தான் கல்லாவுல உக்காருவேன். வீட்டுக் குப்பைன்னா ஆடு, மாடு, மீன்னு எல்லாம் மிக்ஸ் ஆகிக் கெடக்கும். நாய் கடிச்ச தடம் இருக்கும். இது பாருங்க, ஃபுல்லா கோழி. வேற எதுவுமே இல்ல."

"கோழி சாப்பிட்டிருப்பினம்."

"சாப்பிட்டா வெட்டணும்ல? வெட்டுனா கத்தி பட்ட தடம் விழும். இதுல ஒண்ணுலகூட இல்ல. முழுக் கோழியா அப்படியே எரிச்சிருக்காங்க. சாப்பிடாம முழுக் கோழிய யாருண்ணா எரிப்பா?"

அவளுக்கு விடை தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் முழுக் கோழியை எரிப்பவன் அதை வேறு யாருக்கோ கொடுக்கிறான்.

"இது எந்த இடத்துல இருந்து வந்துச்சுண்ணா?"

"மேல் மண்ணா இருக்கும். எங்கை இருந்தெண்டு தெரியேல்லை" என்றேன்.

பொய். நெஞ்சாரப் பொய். ஏன் சொன்னேன் என்று கேட்டால், அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கருவியிடம் போனாள். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரிலும் வேள்வி நடக்கும் கோயில் இருந்தது. ஆடு, சேவல் எல்லாம் வெட்டுவார்கள். நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர். வேள்வி நாளில் எங்கள் வீட்டார் அந்தத் தெருவால் போக மாட்டார்கள், சுற்றி வேறு தெருவால் போவார்கள். அந்தக் கோயிலை அவர்கள் கோயில் என்று சொல்லியே நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் கழித்து, இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால், ரைன் நதிக்கரையிலும் நான் அந்தத் தெருவைச் சுற்றித்தான் போயிருக்கிறேன். புத்தகத்தில் வாசித்தது ஒரு பக்கம் கிடந்தது. எலும்பைக் கண்டதும் கை தன் பாட்டில் எழுதிவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து முன்னால் இருந்தாள்.

"சொன்னா அந்த நிரந்தர வேலை கிடைக்காதோ?"

"கிடைக்காமல் போகலாம்."

"சொல்லாட்டி?"

"கிடைக்கும். ஆனா அடுத்த கிழமை அத்திவாரத்தை உடைச்சுப் போடுவினம்."

"உடைக்கட்டும். கல்லு எங்கடையே? எங்களுக்கு ரண்டு பிள்ளையள். நான் ஆசுப்பத்திரியிலை விடிய எழும்பிக் கூட்டித் துடைக்கிறன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஆரும் கேக்கப் போறேல்லை."

அவள் சொன்னதில் பிழை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "முழுக் கோழியையோ எரிச்சவை? ஒரு துண்டும் சாப்பிடாமலோ?"

"ஓம்."

"அப்ப பெரிய நேர்த்திக்கடனாத்தான் இருக்கும்" என்றாள். எழும்பிப் போய் அடுப்பை மறுபடி போட்டாள். காலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லத்தான் போறியள். போங்கோ" என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள்.

வியாழன் காலை ஏழு மணிக்குத் தலைவி தன் கொள்கலன் அறையைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை. "பரவாயில்லை" என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. முகம் சிவந்தது. "எத்தனை லொறி?" என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். "மேட்டில் கிடப்பது எதற்கும் உதவாது. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வாயால் சொல்லலாம், மண் சொல்லாது. இருந்த இடத்திலேயே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

இருந்தது. என் புத்தியால் அல்ல, ஒரு சண்டையால். செவ்வாயன்று பாகர் அங்கே வழித்துக்கொண்டு போனபோது நஸ்ரீன் ஓடிவந்து கத்தினாள். அவள் அளவெடுப்பதற்கு அடித்துவைத்த இரும்பு முளை ஒன்று அந்தச் சாம்பலில் நின்றது. அதை அசைத்தால் தன் முழு வேலையும் கெட்டுவிடும் என்று துள்ளினாள்; காலடி மண்ணை அவள் பார்க்கவே இல்லை. நானும் விடாமல் வாய்காட்டினேன். கடைசியில் முளையைச் சுற்றி ஒரு மீற்றர் சதுரத்தை வெட்டாமல் முணுமுணுத்துக்கொண்டே விட்டிருந்தேன்.

இப்போது அவளிடம் போய் அந்த முளையைப் பிடுங்க வேண்டும் என்று கேட்டேன். "நேத்து மேல் மண்ணுன்னு சொன்னீங்க?" என்றாள்.

"பொய் சொன்னனான், தங்கச்சி."

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "எடுங்க. நான் மறுபடி செட் பண்ணிக்கிறேன். அரை நாள் போகும். ஆனா தோண்டும்போது நான் பக்கத்துல நிப்பேன்" என்றாள்.

அந்த ஒரு மீற்றரை நாங்கள் மூன்று பேரும் நாள் முழுக்கத் தோண்டினோம். தலைவியும் முழங்காலில் இருந்தார். என் வேலை வாழ்க்கையில் அதைப்போல ஒரு நாள் பிறகு வரவில்லை. மேலே சாம்பல். அதன் கீழே சதுக்கத்துக்குப் போட்ட சரளை, விரல் தடிப்பில். அதன் கீழே மறுபடியும் சாம்பல். மறுபடியும் சரளை. இப்படி ஐந்து அடுக்கு. சதுக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அதே இடத்தில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். குப்பை கொட்டுபவன் இடையிடையே நிலத்தைச் செப்பனிட மாட்டான். மூன்றாவது அடுக்கில் கரியாகிப்போன ஒரு சின்னக் கட்டி வந்தது. தலைவி மரத்துண்டு என்றார். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நீளமாக, நடுவே ஒரு பிளவோடு.

"பேரீச்சங்கொட்டை" என்றேன்.

நஸ்ரீன் எட்டிப் பார்த்து, "அட ஆமா! நோன்புக்கு எத்தனை தின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அத்திப்பழம் வந்தது, விதைகளோடு கருகியபடி. அதன் பின் பைன் காயின் செதில்கள். இந்தக் குளிரில் பேரீச்சை எப்படி வளரும்? எவ்வளவு தூரத்தில் இருந்து கப்பலிலும் படகிலும் வந்திருக்கும்? அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஒரு கடி கடித்துப் பார்க்காமல் நெருப்பில் போட்டிருக்கிறார்கள். என்ன கேட்டிருப்பார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சலா, படகு திரும்பி வர வேண்டுமா? வேலையை இழக்கப் போகிறவன் என்ற நினைப்பே பின்னேரம்வரை எனக்கு வரவில்லை.

மாலையில் அறைக்குப் போய், புதிய தாள் ஒன்று எழுதட்டுமா என்று தலைவியிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்துவிட்டு, சுத்தமாக ஒன்றை வைக்கலாம் என்று யோசித்தேன். கோப்பில் இருந்து உருவினால் யாருக்கும் தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

"பழைய தாள் இருந்த இடத்திலேயே இருக்கும். குப்பை என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே என்ன இருந்தது என்று வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் புதிய விளக்கம், திகதி, உங்கள் பெயர். அதன் கீழே என் பெயர். குழிக்குள் இறங்காமல் கையெழுத்துப் போட்டது நான்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. நினைவுச்சின்னப் பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார், இருமிக்கொண்டே இருந்த ஒரு வயதான மனிதர். கட்டடக்காரரின் பொறியாளரும் வந்திருந்தார். பொறியாளர் கெட்டிக்காரர். நேராகக் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "செவ்வாய்க்கிழமை குப்பை. வியாழக்கிழமை பலிபீடம். வெள்ளிக்கிழமை கூட்டம். உங்களுக்கு வசதியான நேரத்தில் வசதியான கண்டுபிடிப்பு" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "குப்பை என்று ஏன் எழுதினீர்கள்?"

நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். மழை என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பாதி உண்மை. தலைவி என்னைப் பார்க்கவே இல்லை. தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் கோயிலுக்குள் எலும்பு வராது. எலும்பைக் கண்டேன், ஆகவே இது கோயிலுக்குரியது அல்ல என்று முடிவு செய்தேன்" என்றேன்.

"உங்கள் சமயத்துக்கும் இந்தக் குழிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் பொறியாளர்.

"ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் பிழை."

அதிகாரி தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கோட்டின் கீழே இருந்த சொல்லை வாசித்தார். பிறகு பொறியாளரிடம் சொன்னார்: "ஏமாற்ற நினைத்திருந்தால் இந்தத் தாள் இங்கே இருந்திருக்காது. வாருங்கள், அந்த ஒரு மீற்றரைப் பார்ப்போம்."

குழியின் ஓரத்தில் அவர் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தார். ஐந்து அடுக்கையும் விரலால் எண்ணினார். இரண்டு கிழமை கழித்து எழுத்தில் பதில் வந்தது. அத்திவாரமும் அதன் முன்றிலும் மண்ணுக்குள் அப்படியே இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடம் மேற்கே தள்ளிப் போக வேண்டும்.

மாத முடிவில் தலைவி என்னை அறைக்குக் கூப்பிட்டார். நிரந்தர இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டு லொறி மண் தொலைந்ததைத் தன் அறிக்கையில் எழுதியதாகவும், நான் தானாக வந்து சொன்னதையும் எழுதியதாகவும், தெரிவுக் குழு இரண்டையும் வாசித்ததாகவும் சொன்னார். தனக்கும் ஒரு கண்டனக் கடிதம் வந்ததாகச் சொன்னார். என் பழைய ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது, புதுப்பிக்கப் பணம் ஒதுக்கவில்லை.

"நான் சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?" என்று கேட்டேன்.

"கிடைத்திருக்கும்" என்றார். பார்வையைத் திருப்பவில்லை.

எனக்கு அவர்மேல் ஒரு வருடத்துக்குக் கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். மனைவி இரண்டு இடத்தில் கூட்டித் துடைத்தாள். பிறகு வேறு நகரத்தில், வேறு அகழாய்வில் இடம் கிடைத்தது. எலும்பு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மரக்கறி மட்டுமே தின்கிற ஒருவன் கோழித் தொடையையும் ஆட்டுத் தொடையையும் பிரித்துச் சொல்வது அங்கே எல்லாருக்கும் பகிடி. பிள்ளைகளே, உங்கள் கண்ணும் எங்கேயோ ஒரு தெருவைச் சுற்றிப் போகும். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதியதைத் தேய்த்து அழிக்காமல் ஒரு கோடு போடுங்கள். அது மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கடைசி நாளில் தலைவியின் அறையை விட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு. அத்திவாரத்தை மூடிப் பாதுகாக்க மணல் லொறி வந்து நின்றது. முதலில் துணி விரித்து, அதன்மேல் மணலைக் கையால்தான் தள்ள வேண்டும். இயந்திரம் பட்டால் கல் உடையும். நானும் மண்வெட்டியை எடுத்தேன். என் ஒப்பந்தம் நாலரை மணிக்கு முடிகிறது. நாலரைக்கு எல்லாரும் கருவிகளைக் கழுவத் தொடங்கினார்கள். "வேலை முடிந்தது, வாங்கோ!" என்று பாகர்க்காரர் தனக்குத் தெரிந்த அந்த ஒற்றைத் தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக் கூப்பிட்டார், நான்தான் அவருக்குப் பழக்கியது. கிழக்கு மூலையில் ஒரு முழக் கல் இன்னும் வெளியே தெரிந்தது. அது மறையும்வரை நின்று மணலைத் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.